கொழும்பில் வசிக்கும் நாகேந்திரம்

நாகேந்திரம் ஓர் இசைக்கலைஞர் அல்லர் என்பதை மெல்லிசைத் தரநிர்ணய மேற்பார்வைச் சபை தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில் கண்டறிந்தது. அதற்கு முன் ஏறத்தாழ இருபது வருடங்களாக அவர் கொழும்பில் கீபோட் வாசித்துக்கொண்டும் பாட்டு எழுதிக்கொண்டும் இருந்தார். அந்தப் பாட்டுகளுக்குப் பலர் ஆடியும் இருந்தார்கள். இது சபைக்குத் தெரிய வழியில்லை. சபை அங்கத்தவர்கள் ஆட்டம் நடக்கும் இடங்களுக்குப் போவதில்லை.

அவர் பிறந்தது வடக்கே இணுவிலில். ஊர் முழுக்க நாதஸ்வரமும் தவிலும் கேட்க, இவர் மட்டும் மிஷன் பள்ளிக்கூடத்து ஓகனில் றொக் பாட்டுகளை வாசித்து அதிபரிடம் அடி வாங்கினார். பிறகு கப்பல் கம்பனி ஒன்றில் லிகிதர் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தார். வேலைக்குப் போகும் வழியில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலிருந்து ட்ரம் சத்தம் கேட்டது. உள்ளே போனார். ஹெக்டர் என்ற, ஐரோப்பியர் வழிவந்த பறங்கி இளைஞன் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தான். தமக்கை டோரின் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று தொடங்கியதுதான் ‘ஹாபர் ஃபைவ்’ என்ற இசைக்குழு. கல்யாண வீடுகள், ஹோட்டல்கள், துறைமுகத் தொழிலாளர் ஆண்டு விழாக்கள் என்று எங்கும் வாசித்தார்கள். நாகேந்திரம் தமிழில் எழுதிய றொக் பாட்டுகளில் இரண்டு மூன்றைக் கொட்டாஞ்சேனையில் இன்றும் சிலருக்குப் பாதி பாடத் தெரியும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கிற்றார்காரன் மெல்பேர்னுக்குப் போனான். பேஸ் வாசித்தவன் ரொறன்ரோவுக்குப் போனான். பாடுகிறவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. ஹாபர் ஃபைவ் என்ற பெயர் மாறவில்லை, ஆட்கள் இரண்டு பேராகிவிட்டார்கள். போனவர்களின் பகுதிகளையெல்லாம் நாகேந்திரம் கீபோட்டில் வாசித்தார். இடக்கையில் பேஸ், வலக்கையில் கிற்றார், பாட்டு வாயில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஐந்து பேரும் இருந்தார்கள்.

மனைவி அருந்ததிக்கு றொக் பிடிக்காது. ஆனால் கேட்பாள். “உங்கட இடக்கை நல்லது, வலக்கைதான் கொஞ்சம் கத்துது” என்பாள். தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில் தகப்பனார் கிணற்றடியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டு இணுவிலுக்குப் போனாள். ஆனியில் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. தகப்பன் படுத்த படுக்கை, அவளால் விட்டுவிட்டு வர முடியாது. ஆண்பிள்ளை அங்கே போனால் இயக்கம் திரும்பி வர விடாது, கொழும்பில் இருந்தாலோ எந்த நேரமும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகலாம். நாகேந்திரம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. போகிறவர்களிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். ஒருவர் பாதி வழியில் வவுனியாவோடு நின்றுவிட்டார், மற்றவரைப் பற்றித் தகவலே இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் ஓர் அறையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர, அவர் தனியே இருந்தார். தாம் உயிரோடு இருப்பது அருந்ததிக்குத் தெரியவேண்டும். அதைத் தவிர அவருக்கு அந்த வருடத்தில் வேறு ஆசை இருக்கவில்லை.

வடக்குக்குத் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது வானொலி ஒன்றுதான். அங்கே மின்சாரம் இல்லை, பற்றரி தடை. ஆனாலும் சைக்கிள் டைனமோவில் வயரைக் கொழுவிச் சனங்கள் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே நாகேந்திரம் ஒரு பாட்டு எழுதினார். மெதுவான மெட்டு. மூன்றே வரிகள், அவற்றையே திருப்பித் திருப்பிப் பாடலாம்.

இங்கே மழை, அங்கே எப்படி?
கதவைச் சாத்து, விளக்கை அணை.
நான் வர நாளாகும், நான் நலம்.

வானொலியில் ஒலிக்க வேண்டுமானால் பாட்டும் பாடுபவரும் சபையில் தேறவேண்டும் என்றார்கள். சபை கொழும்பின் பணக்காரப் பகுதியான கறுவாத்தோட்டத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. நாகேந்திரம் கீபோட்டைத் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனார். கொழும்பு-காலி வீதியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இராணுவத்தினர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது குண்டல்ல, வாத்தியம் என்று நிரூபிக்க வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எல்லாச் சாவடியிலும் சிங்களத் துள்ளல் பாட்டான பைலாதான் கேட்டார்கள். ஓர் இளம் சிப்பாய் மட்டும் பைலா முடிந்த பிறகும் போகவிடாமல், “தவ எக்கக்” என்று இன்னொன்று கேட்டு, சாக்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினான். அந்த வருடத்தில் நாகேந்திரத்தின் வாசிப்பைக் கடைசிவரை கேட்டவர்கள் அவர்கள்தான்.

சபையின் தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. வாசிப்பவர் யாரென்று தெரியாமல் இருந்தால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்கும் என்பது கொள்கை. எனவே விண்ணப்பதாரி திரைக்குப் பின்னால் நின்று தமது முழுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், தற்போதைய முகவரி, பொலிஸ் பதிவு இலக்கம் ஆகியவற்றை உரத்த குரலில் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும்.

நாகேந்திரம் சொன்னார். வாசிக்கத் தொடங்கும் முன்பே மணி அடித்தது. கீபோட் என்பது சபையின் வாத்தியப் பட்டியலில் இல்லை. பட்டியலைத் தயாரித்தவர் இசை உபகுழுத் தலைவரான வித்துவான் இரத்தினசிங்கம். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து கீபோட்டை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

“இதில புல்லாங்குழல் வருமோ?” என்று கேட்டார்.

வரும் என்றார் நாகேந்திரம்.

“வயலின்?”

அதுவும் வரும்.

“மிருதங்கம்?”

“ஒரு மாதிரி வரும், ஐயா.”

“அப்ப இது வாத்தியம் இல்லை. இது ஒரு கோஷ்டி.”

கோஷ்டியாக இருந்தால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே தேறவேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் நாகேந்திரம் அதே கீபோட்டுடன் நான்கு பரிசோதகர்களின் முன் தோன்றினார். புல்லாங்குழல் பரிசோதகர் அவர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று கவனித்து, வாத்தியத்தோடு தொடர்பில்லாமல் எடுக்கிறார் என்று குறித்தார். வயலின் பரிசோதகருக்கு வில்லைக் காணாதது மனவருத்தம். மிருதங்கப் பரிசோதகர் வயதானவர், நல்ல மனிதர். நாகேந்திரத்தின் உள்ளங்கைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, உழைக்காத கை” என்று அன்போடு சொன்னார். ஹார்மோனியப் பரிசோதகர் மட்டும் தேறவைத்தார். ஆனால் ஹார்மோனியம் வானொலியில் பல வருடங்களுக்கு முன்பே விலக்கப்பட்டிருந்தது. பரிசோதகரின் பதவியை விலக்க மறந்துவிட்டார்கள்.

பாட்டின் சொற்கள் வேறு இரண்டு உபகுழுக்களுக்குப் போயின. சொல் உபகுழு ‘நான்’ என்ற சொல் மூன்று வரிக்குள் இருமுறை வருவதைச் சுட்டிக்காட்டியது. இந்த நான் யார், எழுதியவரா, பாடுபவரா, கேட்பவரா என்று எழுத்தில் விளக்கம் கேட்டது. பாதுகாப்பு உபகுழுவில் இருந்தவர் தமிழ் தெரியாத ஓய்வுபெற்ற அதிகாரி. அவருக்காகப் பாட்டைச் சிங்களத்துக்கு மாற்றினார்கள். அவர் கண்டறிந்தவை பின்வருமாறு. முதல் வரி போர்க்காலத்தில் கொழும்பின் வானிலையை வெளியிடுகிறது, எதிர்த்தரப்பின் வானிலையையும் விசாரிக்கிறது. இரண்டாம் வரி விளக்குகளை அணைக்கும்படி பொதுமக்களுக்குக் கட்டளையிடுகிறது, அந்த அதிகாரம் படையினருக்கு மட்டுமே உண்டு. மூன்றாம் வரி ஒரு பயணத் திட்டம்.

சபைத் தலைவர் சவுந்தரநாயகம் இதனால் மனம் சோரவில்லை. அவர் கலைஞர்களுக்கு உதவும் சுபாவம் உள்ளவர். தாமே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பாட்டைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

இங்கே இதமான காலநிலை, எங்கும் அவ்வாறே.
கதவுகள் திறந்துள்ளன, விளக்குகள் எரிகின்றன.
நாம் அனைவரும் நலம்.

திருத்திய பாட்டு மீண்டும் பாதுகாப்பு உபகுழுவுக்குப் போனது. வடக்கில் விளக்குகள் எரிகின்றன என்று அரச வானொலி சொன்னால் அங்கிருப்பவர்கள் மின்சாரம் கேட்பார்கள் என்று இரண்டாம் வரி வெட்டப்பட்டது. ‘எங்கும் அவ்வாறே’ என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படாததால் முதல் வரியும் போனது. ‘அனைவரும் நலம்’ என்பது சுகாதாரத் திணைக்களத்தின் கூற்றாக இருக்கவேண்டும் என்றார்கள். ‘நாம்’ மிஞ்சியது. அந்த ஒரு சொல்லின் மேல் சபை ஒரு முழு நாள் அமர்ந்தது. கடைசியில், நாம் என்பதில் யார் யார் அடங்குவர் என்பது மந்திரிசபை தீர்மானிக்க வேண்டிய விடயம், அதற்கு முன் பாட்டில் வருவது பொருத்தமல்ல என்று முடிவாகியது.

சவுந்தரநாயகம் நாகேந்திரத்தை அழைத்து உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, நிலைமையை விளக்கினார்.

“நாங்கள் இதுவரை ஒரு பாட்டையும் தடைசெய்ததில்லை, மிஸ்டர் நாகேந்திரம். அதை நீங்கள் எங்கும் சொல்லலாம். தகுதியில்லாத சொற்களை மட்டும்தான் எடுத்துவிடுகிறோம். இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிழையான பாட்டும் வானொலியில் போனதில்லை. சரியான பாட்டும் போகவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். சரியான பாட்டைக் கண்டுபிடிப்பது எங்கள் கடமைகளில் எழுதப்படவில்லை.”

பிறகு அவர் நல்ல செய்தியைச் சொன்னார். சொல்லில்லாத மெட்டு தேறிவிட்டது. ‘துயர வகை, இரண்டாம் தரம்’ என்று சான்றிதழும் தயார். அத்துடன் அதற்கு ஓர் இடமும் காத்திருக்கிறது. மரண அறிவித்தல்களுக்கு முன்னும் பின்னும் போடுகிற வீணை இசைத்தட்டு தேய்ந்துபோய்விட்டது. முன்பு சில நிமிடங்களில் முடிந்த அறிவித்தல்கள் கடந்த வருடம் தொட்டு நீண்டுகொண்டே போகின்றன, பழைய இசைத்தட்டு அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. நீளமான, புதிய, சோகமான ஒன்று வேண்டியிருந்தது.

நாகேந்திரம் சம்மதித்தார். சொல் போனால் போகட்டும், கை வடக்குக்குப் போகிறதே என்று நினைத்தார். இடக்கை நல்லது என்று சொன்னவள், கேட்டவுடன் யாருடைய கை என்று பிடித்துவிடுவாள். ஒலிப்பதிவு நாளன்று வலக்கையை அடக்கி, இடக்கையைக் கொஞ்சம் தூக்கி வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து அந்த மெட்டு நாள்தோறும் வடக்குக்குப் போனது.

வெள்ளவத்தையில் மரக்கறிக் கடையில், சலூனில், பஸ் தரிப்பில், எங்கே நின்றாலும் மாலையில் அந்த மெட்டு அவரைத் தேடி வந்தது. அது தொடங்கியதும் சனங்கள் பேச்சை நிறுத்தினார்கள். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடியே நின்றார். இருபது வருடம் வாசித்து ஒரு ஹோட்டலிலும் கிடைக்காத அமைதி அது. தம்முடைய பாட்டு என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் பாராட்டுவது என்று கேட்பவருக்குச் சங்கடமாக இருக்கும்.

அடுத்த ஆவணியில் பத்மாவதி வந்தார். இணுவிலில் அருந்ததியின் பக்கத்து வீட்டுக்காரி. கடல்நீரேரியை வள்ளத்தில் தாண்டி, வவுனியாவில் கிடந்து, கனடாவில் இருக்கும் மகனிடம் போவதற்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்தார். நாகேந்திரம் செய்தி கேள்விப்பட்டு ஓடினார். லொட்ஜின் வரவேற்பறையில் கனடாவுக்கும் சுவிஸுக்கும் காத்திருக்கும் இன்னும் பலர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அருந்ததி சுகமாக இருக்கிறாள், மெலிந்துபோய்விட்டாள், தகப்பன் அப்படியே கிடக்கிறார் என்று பத்மாவதி சொன்னார். பிறகு அவரை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் உசிரோட இருக்கிறியள் எண்டு அவவுக்குத் தெரியாது, தம்பி. கொழும்பில பிடிபட்ட ஆக்களில உங்களையும் கண்டதா யாரோ சொல்லிப்போட்டினம்.”

நாகேந்திரம், றேடியோ கேட்பதில்லையா என்று விசாரித்தார்.

“கேக்காமல்? சைக்கிளைக் கவிட்டு வைச்சிட்டு மாறி மாறிக் கையால சுத்துவம். பாட்டுக்கு ஒருத்தரும் சுத்த மாட்டினம், கை நோகும். மரண அறிவித்தலுக்கு மட்டும்தான். உங்கட பேர் வருதோ எண்டு அவ ஒருநாளும் தவறாமல் வந்து குந்தியிருப்பா. வராட்டி எழும்பிப்போய் ஒரு செம்பு தண்ணி குடிப்பா.”

நாகேந்திரம் தலையாட்டினார்.

“அறிவித்தலுக்கு முன்னால ஒரு மியூசிக் போடுறாங்கள், தெரியுமோ? புதுசு. அது தொடங்கினாலே அவவுக்கு ஆகாது. இந்த மெட்டுப் போட்டவன்ர கை முறியோணும் எண்டு திட்டினவ. நீங்கள் றேடியோக்காரரைத் தெரிஞ்ச ஆள்தானே. அதை ஒருக்கா மாத்தச் சொல்லுங்கோவன்.”

“ஓம்,” என்றார் நாகேந்திரம். “சொல்லிப் பாக்கிறன்.”

மறுநாள் காலையில் அவர் சபையில் நின்றார். தமது மெட்டைத் திருப்பித் தரும்படி கேட்டார். இப்படி ஒரு வேண்டுகோள் சபையின் வரலாற்றில் வந்ததில்லை. உள்ளே எடுக்க மறுப்பதற்கு விதிகள் இருந்தன, வெளியே விடுவதற்கு இல்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு செயலாளர் ஒரு வழி கண்டார். மெட்டை மீளப்பெறும் உரிமை அதை ஆக்கியவருக்கு மட்டுமே உண்டு. தாமே ஆக்கியவர் என்பதை நாகேந்திரம் வாசித்து நிரூபிக்க வேண்டும்.

மீண்டும் திரை. மீண்டும் பெயர், தகப்பன் பெயர், ஊர், முகவரி, பதிவு இலக்கம். நாகேந்திரம் வாசிக்கத் தொடங்கினார். திரைக்கு அப்பால் கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. விலகிய ஓரத்தால் பார்த்தார். சபை முழுவதும் எழுந்து தலை குனிந்து நின்றது. சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருடைய மூத்த அண்ணன் போன மாதம் இறந்து, அறிவித்தலும் போயிருந்தது. பாதுகாப்பு அதிகாரி, அவருக்கு அறிவித்தலில் ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், நேராக நின்றார். மெட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை.

பிறகு உட்கார்ந்து புள்ளி போட்டார்கள். நாகேந்திரம் தேறவில்லை.

“மூல ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்,” என்றார் வித்துவான் இரத்தினசிங்கம். “அதில் ஒரு நம்பிக்கை இருந்தது. உங்களுடையதில் அது இல்லை. நல்ல முயற்சி, ஆனால் போலி.”

சவுந்தரநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல்வரை கூட வந்தார்.

“நீங்கள்தான் ஆக்கினீர்கள் என்று எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும், மிஸ்டர் நாகேந்திரம். ஆனால் நான் தலைவராக இருக்கும்போது எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றும் தெரியக்கூடாது. அதற்காகத்தான் என்னை நியமித்திருக்கிறார்கள்.”

அன்று பின்னேரம் நாகேந்திரம் கீபோட்டோடு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஹெக்டர் விறாந்தையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. முட்டிவலி வந்து பேஸ் ட்ரம்மை மெதுவாகத்தான் மிதிக்க முடிகிறது. கல்யாணம் செய்யவில்லை. டோரினுக்குக் காதில் இப்போது பஞ்சு தேவைப்படவில்லை, கேட்கும் சக்தியே குறைந்துவிட்டது. நாகேந்திரம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஹெக்டருக்கு முதலில் விளங்காதது, அறிவித்தலில் பெயர் வந்தால் ஏன் செத்ததாக நினைக்கவேண்டும் என்பதுதான். ஒவ்வொரு அறிவித்தலிலும் பத்து இருபது பெயர் வருகிறதே என்றார். செத்தவருடைய பெயர் முதலில் வரும், மற்றவர்கள் எல்லாம் உறவுக்காரர், இன்னாரின் மகன், இன்னாரின் மைத்துனர் என்று சொல்வது தமிழாட்களின் வழக்கம் என்று நாகேந்திரம் விளக்கினார்.

“அப்ப செத்தவன் ஒருத்தன்தானே. மத்தவன் எல்லாம் உசிரோட இருக்கான்.”

“ஓம்.”

“அப்ப நீ செத்தவனா வராம, மத்தவனா வந்தா?”

நாகேந்திரம் அவரைப் பார்த்தார். அதற்கு யாராவது சாகவேண்டுமே என்றார். கொழும்பில் தமக்கு உறவென்று ஒருவரும் மிச்சமில்லை என்றும் சொன்னார்.

ஹெக்டர் காலை மடக்கி, முட்டியைத் தடவினார். “நான் என்னத்துக்கு இருக்கேன், மென்? எனக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? செத்தவனா என்னைப் போட்டுவிடு.”

வேண்டாம், தரித்திரம் என்று நாகேந்திரம் மறுத்தார். ஹெக்டர் கேட்கவில்லை. மெல்பேர்னுக்குப் போய்விட்ட தம் உறவினர் தமிழ் வானொலி கேட்பதில்லை, டோரினுக்குக் காது கேட்காது, ஆகவே தாம் செத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை என்றார்.

மரண அறிவித்தல் கொடுக்க மரணத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். அதைப் பெற ஹெக்டரே போனார். மூன்று வரிப் பாட்டு ஒன்று சபையில் பல மாதங்களைத் தின்றிருந்தது. உயிரோடு இருக்கும் மனிதர் செத்துவிட்டார் என்ற கடிதம் ஒரு முற்பகலில் கிடைத்தது. கடிதம் எழுதிய உத்தியோகத்தர் தலை நிமிரவேயில்லை. இறந்தவர் உமக்கு என்ன முறை என்று மட்டும் கேட்டார். கிட்டின சிநேகிதன், சின்ன வயதிலிருந்து தெரியும் என்றார் ஹெக்டர். ஆழ்ந்த அனுதாபம் என்று சொல்லி அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

அறிவித்தலை நாகேந்திரம் தாமே எழுதினார். வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்கும் இல்லாதபடி வெட்டி வெட்டி எழுதினார். வானொலியின் அறிவித்தல் பிரிவில் இருந்த பெண் அதை வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு சொல்லை மட்டும் கோடிட்டார். ‘கொழும்பில் நலமாக வசிக்கும்’ என்று எழுதியிருந்தது.

“நலமாக எண்டு போட ஏலாது, அண்ணை. மரண அறிவித்தலில ஒருத்தரும் நலமா இருக்கிறேல்ல.”

அதைச் சபைக்கு அனுப்ப வேண்டியிருக்குமோ என்று நாகேந்திரம் பயந்துபோய்க் கேட்டார். சபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாட்டு, நாடகம், பேச்சு, வாழ்த்து எல்லாம் அங்கே போகவேண்டும், மரணம் மட்டும் நேரே போகலாம் என்றார் அந்தப் பெண். ‘நலமாக’ போனது. ‘வசிக்கும்’ இருந்தது. அது போதும் என்றார் நாகேந்திரம்.

அடுத்த நாள் மாலை இருவரும் கொட்டாஞ்சேனை வீட்டில் வானொலிக்கு முன் உட்கார்ந்தார்கள். ஹெக்டர் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மெட்டு தொடங்கியது. பிறகு அறிவிப்பாளரின் குரல், ஒரே சீராக:

“கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஹெக்டர் அவர்கள் காலமானார். அன்னார் டோரினின் அன்புச் சகோதரரும், இணுவிலைச் சேர்ந்த அருந்ததியின் அன்புக் கணவர் கொழும்பில் வசிக்கும் நாகேந்திரத்தின் உடன்பிறவாச் சகோதரரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

அடிநாதமாக மெட்டு ஓடியது. சபையில் பிரிக்கப்பட்ட சொல்லும் இசையும் அப்படி ஒன்றாகப் போயின. ஹெக்டர் தம் பெயருக்குச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் ஹெக்டருக்கு நெருக்கடிதான். கொட்டாஞ்சேனைத் தமிழர்கள் மாலையோடு வந்தார்கள். கதவைத் திறந்த ஹெக்டர், வானொலியில் பிழையாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார். வானொலி சொன்னதைவிட இவர் சொல்வதை நம்பச் சிலர் தயங்கினார்கள். மெல்லிசைச் சபை ஓர் அனுதாபக் கூட்டம் நடத்தியது. ஹெக்டர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். முன்பு மூன்று முறை அவரை ‘இரைச்சல்’ என்று நிராகரித்த சபை, அவரைத் தாளத்தின் தலைமகன் என்றது. கலைஞர்கள் வாழும்போதே கௌரவிக்கப்படவேண்டும் என்று சவுந்தரநாயகம் தழுதழுத்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, நீர் உறவினரா என்று ஹெக்டரின் கையைப் பிடித்துக் கேட்டார். கிட்டத்தட்ட என்றார் ஹெக்டர்.

அருந்ததி கேட்டாளா என்று தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அன்று யாரும் சைக்கிளைச் சுற்றாமல் இருந்திருக்கலாம். விமானம் வந்து எல்லோரும் பங்கருக்குள் இறங்கியிருக்கலாம். நாகேந்திரம் ஹோட்டலில் ஐந்து பேருக்கும் சேர்த்து வாசித்தார், அறைக்குத் திரும்பிப் பாணும் சம்பலும் சாப்பிட்டார். மாலையில் வேலை இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஹெக்டரோடு மரண அறிவித்தல் கேட்டார். வேறு நிகழ்ச்சி எதிலும் அவருக்கு மனம் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒருநாள், இருவரும் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். மெட்டு வந்தது. ஒரு கொக்குவில் ஆசிரியை, ஒரு சாவகச்சேரி வர்த்தகர். பிறகு:

“இணுவிலைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தபாலதிபர் கந்தப்பிள்ளை அவர்கள் காலமானார். அன்னார் அருந்ததியின் அன்புத் தந்தையும், கொழும்பில் வசிக்கும் நாகேந்திரத்தின் அன்பு மாமனாரும் ஆவார்.”

நாகேந்திரம் எழுந்து நின்றார். வசிக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கேட்டிருக்கிறாள். யாரிடமோ எழுதிக் கொடுத்து, வள்ளத்திலும் லொறியிலும் ஏற்றி, அதே வழியால் பதில் அனுப்பியிருக்கிறாள்.

ஹெக்டரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்தார்.

“மச்சான், கிழவன் நெசமாவே செத்துட்டானா? இல்லாட்டி என்னை மாதிரிச் செத்தானா?”

“தெரியேல்ல,” என்றார் நாகேந்திரம்.

மாமனார் உண்மையாகவே போயிருந்தால் அருந்ததியை அங்கே பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அவள் புறப்பட்டிருப்பாள். இப்போது வள்ளத்தில் இருக்கலாம், வவுனியாவில் வரிசையில் நிற்கலாம். கிழவர் சாகவில்லை என்றால், அவர் பக்கத்துக் கட்டிலில் கிடந்து தம் அறிவித்தலைத் தாமே கேட்டுக்கொண்டிருப்பார், அவள் இன்னும் எத்தனை வருடம் அங்கே இருப்பாள் என்று சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு ஆள்தான் சாகவேண்டும்.

“அழணுமா சிரிக்கணுமா எண்டு சொல்லு, மென்,” என்றார் ஹெக்டர். “நானும் அதையே செய்யிறேன்.”

“கொஞ்சம் பொறு. முடியட்டும்.”

இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த அறிவித்தல் தொடங்கும்வரை மெட்டு போய்க்கொண்டிருந்தது.